விண்வெளி, பொருள் பொறியியல் மாநாட்டில் இளநிலை மாணவர்கள் எந்த வழியில் பங்கேற்கலாம்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை மாணவி

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் எங்கள் ஊர். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். இப்போது இதே மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் பிரிவில் மூன்றாம் ஆண்டு மாணவியாக இருக்கிறேன்.

நானும் இரு தோழியரும் சேர்ந்து, நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பகுதியின் அனார்த்தோசைட் பாறைத்தூளில் சோடியம் ஹைட்ராக்சைடும் சோடியம் சிலிகேட்டும் கலந்து, சிமென்ட் இல்லாத கட்டிகளை வார்த்து, அவற்றின் அமுக்க வலிமையைச் சோதித்து வருகிறோம். நிலவின் மண்ணை ஒத்த மாதிரி மண்ணை இஸ்ரோ இந்தப் பாறையிலிருந்துதான் உருவாக்கியது என்று படித்ததே எங்களுக்குத் தூண்டுதல். கல்லூரி ஆய்வகத்தில் உள்ள சல்லடை, அடுப்பு, அமுக்கச் சோதனை இயந்திரம் ஆகியவற்றைத் தவிர எங்களிடம் வேறு கருவி இல்லை.

திருவனந்தபுரத்தில் நடக்கவிருக்கும் விண்வெளி, பொருள் (மெட்டீரியல்ஸ்) பொறியியல் மாநாடு ஒன்றின் அறிவிப்பு எங்கள் துறைக்கு வந்திருக்கிறது. அதில் ஆய்வுரை, போஸ்டர், மாணவர் போட்டி, தன்னார்வலர், பார்வையாளர் என்று பல பிரிவுகளில் மாணவர்களுக்கு இடம் தந்திருக்கிறார்கள். இளநிலை மாணவர்கள் பார்வையாளராகச் சென்று கேட்டுவிட்டு வருவதே போதும் என்று துறையில் சிலர் சொல்கிறார்கள். எங்கள் வேலை அத்தகைய மேடைக்குத் தகுதியானதா, எந்தப் பிரிவில் விண்ணப்பிப்பது பொருத்தம், செலவுக்கு என்ன வழி என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரும் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: களியக்காவிளை ஆய்வு மாணவர்

வணக்கம், தங்கையே. நான் தமிழ்நாடு-கேரள எல்லையின் தெற்கு முனையில், களியக்காவிளைப் பக்கத்தவன். திருவனந்தபுரத்தில் பொருள் அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பார்வையாளராகச் செல்ல வேண்டாம், போஸ்டர் பிரிவில் விண்ணப்பியுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. பார்வையாளராகச் செல்லும் மாணவர் அரங்கின் கடைசி வரிசையில் அமர்ந்து, யாரிடமும் பேசாமல் திரும்புவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். போஸ்டருக்கு முன் நிற்கும் மாணவரிடமோ, அந்தத் துறையிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர்கள் தாங்களே வந்து கேள்வி கேட்பார்கள். பத்து நிமிடத்தில் முடியும் ஆய்வுரையிலும் இந்த வாய்ப்பு இவ்வளவு கிடைப்பதில்லை.

விண்வெளி மாநாடு என்றால் ஏவூர்தி வடிவமைப்பவர்களுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் நம் கல்லூரிகளில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. 1972-இல் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்ற பிரம்ம பிரகாஷ் ஓர் உலோகவியலாளர் என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். பி.எஸ்.எல்.வி.யின் முதல் நிலை மோட்டார் உறைக்கு மாரேஜிங் எஃகு என்னும் மிகு வலிமை எஃகு தேவைப்பட்டது; எரிபொருள் தொட்டிகளுக்குப் பற்றவைப்புக்கு இசைந்த அலுமினிய உலோகக்கலவைகள் தேவைப்பட்டன. பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் நிலைக்கு, நையோபியம் உலோகக்கலவைக்கு மாற்றாகக் கார்பன்-கார்பன் கூட்டுப்பொருளில் (கார்பன் இழைகளைக் கார்பனிலேயே பதித்த பொருள்) செய்த நாசிலை, அதாவது எரிந்த வாயு வெளியேறும் குழலை, அதே மையம் 2024-இல் அறிவித்தது. அந்த மாற்றத்தால் நாசிலின் விரிபகுதியில் ஏறத்தாழ 67 விழுக்காடு எடை குறைந்து, செயற்கைக்கோளுக்கென 15 கிலோ வரை கூடுதலாகச் சுமக்க வழி பிறந்தது. பொருளை ஆராய்பவரின் வேலை ஏவூர்தியின் எடைக்கணக்கில் நேராகச் சென்று சேர்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி உங்கள் ஆய்வுக்கு வருகிறேன். சித்தம்பூண்டிப் பாறையில் சுண்ணச்சத்து மிகுந்த பிளேஜியோகிளேஸ் கனிமம் நிறைந்திருக்கிறது. நிலவின் மேட்டுநிலப் பாறைகளும் அதே தன்மை கொண்டவை. சந்திரயான்-3 இறங்கிய இடத்தில் பிரக்யான் ஊர்தி 103 மீட்டர் நகர்ந்து, 23 இடங்களில் மண்ணின் தனிமங்களை அளந்தது. அங்குள்ள மண் பெரும்பாலும் இரும்பு கலந்த அனார்த்தோசைட் வகையைச் சேர்ந்தது என்ற முடிவு 2024-இல் வெளியானது. ஆகவே உங்கள் மூலப்பொருளைத் தேர்ந்ததற்கான காரணத்தை இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட முடியும். போஸ்டரின் முன்னுரைக்கு அதுவே போதும்.

ஆனால் நீங்கள் தயாராக இருக்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. முதலாவது, உங்கள் தூள் முழுக்கப் படிகத் தன்மை உடையது. நிலவின் மண்ணிலோ நுண்விண்கற்கள் மோதி உருகியதால் உண்டான கண்ணாடித் துகள்கள் கணிசமாக இருக்கின்றன. காரக் கரைசலோடு கண்ணாடி எளிதில் வினைபுரியும், படிகம் அவ்வளவு எளிதில் புரியாது. எனவே உங்களுக்குக் கிடைத்த வலிமை நிலவின் மண்ணுக்கு அப்படியே பொருந்தாது. இதை நடுவர் கேட்கும் வரை காத்திராமல், ஆய்வின் எல்லை என்று நீங்களே போஸ்டரில் எழுதிவிடுங்கள். இரண்டாவது, துகள் அளவு. நிலவு மண்ணின் சராசரித் துகள் ஏறக்குறைய 70 மைக்ரோமீட்டர் என்பார்கள். உங்கள் சல்லடைப் பகுப்பாய்வின் வரைபடத்தை அதோடு ஒப்பிட்டுக் காட்டுங்கள்.

மூன்றாவது கேள்வி கடினமானது: வெற்றிடத்தில் உங்கள் கலவையின் நீர் ஆவியாகிவிடாதா? நிலவின் நடுக்கோட்டுப் பகுதியில் பகலில் 120 பாகை செல்சியஸ் வரை ஏறும் வெப்பம் இரவில் மைனஸ் 130 வரை இறங்குமே, கட்டி தாங்குமா? இதற்கு விடை சொல்லும் கருவி உங்களிடம் இல்லை என்பதில் தவறு ஒன்றுமில்லை. அடுப்பில் சூடேற்றிக் குளிரவைக்கும் சுழற்சியைச் சில கட்டிகளிலாவது செய்து, அதன் பின் வலிமை எவ்வளவு குறைகிறது என்று காட்டினால், அந்தத் திசையில் நீங்கள் சிந்தித்திருப்பது தெரியும். நீரின் அளவைக் குறைப்பதற்காக 2020-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் யூரியாவைச் சேர்த்துப் பார்த்தார்கள். அதே ஆண்டில் இந்திய அறிவியல் கழகமும் இஸ்ரோவும் பாக்டீரியாவையும் கொத்தவரைப் பிசினையும் கொண்டு மாதிரி மண்ணைக் கட்டியாக்கிக் காட்டின. இவ்விரண்டு வழிகளுக்கு நடுவில் உங்கள் வழி எங்கே நிற்கிறது என்பதை நீங்கள் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

மாநாட்டுக்கு அனுப்பும் ஆய்வுச் சுருக்கத்தில் எண் இருக்கட்டும். "நல்ல வலிமை கிடைத்தது" என்று எழுதினால் அதைப் படிப்பவர் அடுத்த சுருக்கத்துக்குப் போய்விடுவார். எத்தனை கட்டிகள், என்ன அளவு, எத்தனை நாள் பதப்படுத்தியது, சராசரி வலிமை என்ன, திட்ட விலக்கம் என்ன என்று சொல்லுங்கள். சிமென்ட் சோதனைக்கான 70.6 மில்லிமீட்டர் அச்சுதான் உங்கள் ஆய்வகத்தில் இருக்குமென்று நினைக்கிறேன். வெளிநாட்டுக் கட்டுரைகள் பலவும் 50 மில்லிமீட்டர் அச்சைப் பயன்படுத்துவதால், ஒப்பிடும்போது அந்த வேறுபாட்டையும் குறிப்பிடுங்கள்.

மறுமொழி 2: சூளூர்ப்பேட்டை ஆசிரியர்

நான் ஸ்ரீஹரிகோட்டாவுக்கு அருகே, ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஒரு கல்லூரியில் இயந்திரவியல் கற்பிக்கிறேன். களியக்காவிளை நண்பர் சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன்: மூவரில் ஒருவர் போஸ்டரில் முதல் பெயருக்குரியவராக இருந்து விளக்கட்டும், மற்ற இருவர் தன்னார்வலராக விண்ணப்பிக்கட்டும். தன்னார்வலர் பணியை நாற்காலி போடும் வேலை என்று மாணவர்கள் தள்ளிவிடுகிறார்கள். அரங்கப் பொறுப்பில் இருப்பவர் உரையாளரின் கோப்பை ஏற்றித் தருகிறார், நேரம் காட்டுகிறார், அமர்வின் தலைவரோடு பேசுகிறார்; அன்றைய அமர்வு முழுவதையும் முன்வரிசையில் இருந்து கேட்கிறார். பல மாநாடுகளில் தன்னார்வலருக்குப் பதிவுக் கட்டணம் இல்லை அல்லது குறைவு, உணவும் உண்டு. விண்ணப்பிக்கும்போதே பொருள், கட்டமைப்பு அமர்வுகள் நடக்கும் அரங்கைக் கேட்டு வாங்குங்கள்.

மாணவர் போட்டிகளில் உங்களுக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கூட்டுப்பொருள் துறையினர் நடத்தும் பாலப் போட்டியில் மாணவர்களே இழைக்கூட்டுப் பொருளில் சிறு பாலம் செய்து வந்து, சுமை ஏற்றி உடைத்துப் பார்ப்பார்கள். சிவில் மாணவர்களுக்கு அது மிகவும் ஏற்றது. இந்திய உலோகவியல் கழகம் நவம்பரில் தேசிய உலோகவியலாளர் நாளை ஒட்டி நடத்தும் ஆண்டுக் கூட்டத்தில் போஸ்டரும் உண்டு, நுண்ணோக்கியில் எடுத்த உலோக நுண்ணமைப்புப் படங்களுக்கான போட்டியும் உண்டு. அந்தக் கழகத்தின் கல்பாக்கம் கிளை பிரம்ம பிரகாஷ் பெயரில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குப் பொருளறிவியல் வினாடி வினாவை நடத்துகிறது. வீட்டில் தம்பி தங்கையர் இருந்தால் சொல்லிவையுங்கள்.

வெளிநாட்டு மாநாடுகளைப் பற்றியும் கேட்கும் மாணவர்கள் இருப்பார்கள் என்பதால் சொல்கிறேன். பன்னாட்டு விண்வெளிப் பேராயம் ஆண்டுதோறும் ஒரு நாட்டில் கூடுகிறது. நம் நாட்டில் 1988-இல் பெங்களூரிலும் 2007-இல் ஐதராபாத்திலும் அது நடந்தது. அதில் பொருள்களுக்கும் கட்டமைப்புகளுக்கும் தனிக் கருத்தரங்கு இருக்கிறது. மாணவர்கள் மட்டுமே கட்டுரை படிக்கும் மாணவர் மாநாடும் இருக்கிறது. சுருக்கம் 400 சொற்களுக்குள் இருக்க வேண்டும், பெரும்பாலும் பிப்ரவரி இறுதிக்குள் அனுப்பிவிட வேண்டும். உங்கள் தலைப்புக்கு இன்னும் நெருக்கமானது அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கத்தின் விண்வெளிப் பிரிவு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடத்தும் மாநாடு. 1988-இல் ஆல்புகர்க்கி நகரில் தொடங்கிய அந்த வரிசையில் நிலவு மண், அதைக் கொண்டு கட்டுமானம், கடுஞ்சூழலில் கட்டமைப்புகள் ஆகியவையே மையப் பொருள்கள். உடனே செல்ல முடியாவிட்டாலும், அதன் பழைய கட்டுரைத் தொகுப்புகளின் பொருளடக்கத்தைப் பாருங்கள். சிவில் பொறியியலுக்கு விண்வெளியில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு அதுவே விடை.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நீங்கள் ஒரு சுருக்கத்தை எங்கேனும் வெளியிட்டதும், அறிமுகமில்லாத மாநாடுகளிலிருந்து அழைப்பு மின்னஞ்சல்கள் வரத் தொடங்கும். அனுப்பிய மறுநாளே ஏற்பு வருகிறது, துறை வல்லுநரின் மதிப்புரை என்று எதுவும் இல்லை, ஒரே கூடத்தில் மருத்துவமும் வணிகமும் விண்வெளியும் ஒன்றாக நடக்கின்றன, குழுவில் இருப்பவர்களின் பெயர்களைத் தேடினால் அவர்கள் பல்கலைக்கழகப் பக்கத்தில் காணப்படுவதில்லை: இவற்றில் ஏதேனும் ஒன்று கண்ணில் பட்டால் பணம் கட்டாதீர்கள். பாடத்துக்கு வெளியேயான செயல்பாடுகளுக்குத் தரும் மதிப்பெண்ணான ஆக்டிவிட்டி பாயிண்டுக்குச் சான்றிதழ் கிடைத்தால் போதும் என்று நினைத்து இத்தகைய இடங்களில் மாணவர்கள் பணத்தை இழப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அந்தச் சான்றிதழை மேற்படிப்புத் தேர்வுக் குழுவினர் பார்க்கும்போது அது உதவாது; ஐயத்தையே உண்டாக்கும்.

மறுமொழி 3: கொழிஞ்சாம்பாறை மாணவி

அண்ணாவுக்கும் ஐயாவுக்கும் மனமார்ந்த நன்றி. சூடேற்றிக் குளிரவைக்கும் சோதனைக்கு ஆறு கட்டிகளை ஒதுக்கி வைத்துவிட்டோம். இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. ஆய்வகத்தில் எங்களுக்கு உதவும் ஆசிரியரின் பெயரைச் சுருக்கத்தில் எந்த இடத்தில் சேர்க்க வேண்டும்? என் தோழியின் உறவினர் ஒருவர் விண்வெளி ஆய்வு நிறுவனம் ஒன்றில் பயிற்சித் திட்டம் செய்தபோது எடுத்த, மாதிரி மண் பற்றிய சில அளவீடுகள் அவரிடம் இருக்கின்றன. ஒப்பீட்டுக்காக அவற்றை எங்கள் போஸ்டரில் காட்டலாமா?

மறுமொழி 4: களியக்காவிளை ஆய்வு மாணவர்

இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன். அந்த நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அந்த அளவீடுகளில் ஒன்றைக்கூடக் காட்டக் கூடாது. பயிற்சிக்குச் செல்லும் மாணவர்கள் அங்கே கிடைக்கும் தரவை முன் ஒப்புதல் இன்றி வெளியிடக் கூடாது என்ற கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர்கள். திட்ட அறிக்கையே நிறுவனத்தின் பரிசீலனைக்குப் பின்தான் கல்லூரிக்கு வரும். நீங்கள் காட்டினால் சிக்கல் உங்களுக்கு வருவதற்கு முன்பே அந்த உறவினருக்கு வரும். திருவனந்தபுரத்து மாநாட்டில் அத்தகைய விண்வெளி ஆய்வு மையங்களின் அறிவியலாளர்களே போஸ்டர்களைப் பார்வையிட வருவார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஒப்பீட்டுக்கு இதழ்களில் வெளியான அளவீடுகள் தாராளமாக இருக்கின்றன, அவற்றையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பெயர்களைப் பொறுத்தவரை, வேலையை முன்னின்று செய்தவர் முதலில், வழிகாட்டும் ஆசிரியர் கடைசியில் என்பதே வழக்கம். அனுப்புவதற்கு முன் சுருக்கத்தை ஆசிரியரிடம் காட்டி ஒப்புதல் பெற்றுவிடுங்கள். அவருக்குத் தெரியாமல் அவர் பெயரைச் சேர்ப்பது, அவர் உதவியிருந்தும் பெயரை விடுவது, இரண்டுமே தவறு. பாறைத்தூளைத் தந்து உதவியவர்களுக்கும் இயந்திரத்தை இயக்கித் தரும் ஆய்வக உதவியாளருக்கும் போஸ்டரின் அடியில் நன்றி எழுதுங்கள்.

மறுமொழி 5: பொள்ளாச்சிச் சாலை அக்கா

நான் கூட்டுப்பொருள் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரிகிறேன். பள்ளிப் படிப்பு எல்லையின் அந்தப் பக்கம், கல்லூரிப் படிப்பு இந்தப் பக்கம் என்று வளர்ந்தவள் என்பதால், செலவைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், போஸ்டரில் பெயர் உள்ளவர்களில் எத்தனை பேர் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும் என்று அறிவிப்பில் பாருங்கள். பெரும்பாலும் விளக்கமளிக்கும் ஒருவர் கட்டினால் போதும், அதுவும் மாணவர் கட்டணத்தில். உங்கள் கல்லூரி கேரளத்தில் இருப்பதால், கேரள மாநில அறிவியல், தொழில்நுட்ப, சுற்றுச்சூழல் மன்றத்தின் மாணவர் திட்ட நிதிக்குத் துறைத் தலைவர் வழியாக விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டுக் கல்லூரியில் படிப்பவர்களுக்குத் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மன்றமும் அத்தகைய திட்டம் நடத்துகிறது. இந்த நிதி எல்லாம் ஆய்வுச் செலவுக்கே பெரும்பாலும் உதவும். பயணச் செலவுக்குக் கல்லூரியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தையும் முன்னாள் மாணவர் சங்கத்தையும் எழுத்து மூலம் கேளுங்கள். ஏற்புக் கடிதத்தின் நகலையும் செலவு மதிப்பீட்டையும் இணைத்தால் மறுப்பது கடினம். வெளிநாட்டுப் பயணத்துக்கு மத்திய அரசு நிறுவனங்கள் தரும் உதவி முனைவர் பட்ட ஆய்வாளர்களையும் ஆசிரியர்களையும் கருதியது. இளநிலை மாணவர்கள் அதை நம்பித் திட்டமிட வேண்டாம்.

பாலக்காட்டிலிருந்து இரவில் அமிர்தா எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் திருவனந்தபுரத்தில் இறங்கிவிடலாம். மாநாட்டுக்கு முன்னரோ பின்னரோ ஒரு பகல் கிடைத்தால் தும்பாவில் உள்ள விண்வெளி அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். 1963 நவம்பர் 21 அன்று நம் மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டபோது பணிக்கூடமாக இருந்த மரிய மகதலேனா தேவாலயக் கட்டிடம்தான் இன்று அந்த அருங்காட்சியகம். அங்கே வைத்திருக்கும் மோட்டார் உறைகளையும் நாசில்களையும் நேரில் பார்த்தால், பொருளைப் பற்றி நீங்கள் படித்தவை கண்முன் நிற்கும். திறந்திருக்கும் நாளை முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

உங்கள் கேள்வியில் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கலாம் என்று தோன்றுகிறது, ஏனென்றால் எனக்கும் அந்த வயதில் அது இருந்தது: தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் விளக்குவது பற்றிய தயக்கம். போஸ்டருக்கு முன் நீண்ட சொற்பொழிவு தேவையில்லை. என்ன பொருள், ஏன் எடுத்தோம், என்ன செய்தோம், எவ்வளவு வலிமை கிடைத்தது, எதைச் செய்ய முடியவில்லை என்று சில வாக்கியங்களை மூவரும் மாறி மாறி ஒருவருக்கொருவர் சொல்லிப் பழகுங்கள். விளக்கத்தை முதலில் தமிழில் தடையின்றிச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்; தமிழில் தடுமாறும் இடம் மொழியால் தடுமாறுவதில்லை, அந்தக் கருத்தே இன்னும் பிடிபடவில்லை. கேள்வி புரியாவிட்டால் மீண்டும் கேட்கச் சொல்லுங்கள். தரக்கட்டுப்பாட்டுக் கூட்டங்களில் நாங்கள் இன்றும் அப்படித்தான் செய்கிறோம், யாரும் குறையாக எண்ணுவதில்லை.

கடைசியாக, போஸ்டரின் அளவும் நெடுவாக்கா குறுக்குவாக்கா என்பதும் அறிவிப்பில் இருக்கும், அதன்படியே அச்சிடுங்கள். ரயிலில் மடிந்துவிடாமல் குழாயில் சுருட்டி எடுத்துச் செல்லுங்கள். நன்றாக உடைந்த கட்டி ஒன்றையும், சூடேற்றிக் குளிரவைத்த பின் விரிசல் கண்ட கட்டி ஒன்றையும் உடன் கொண்டு செல்லுங்கள்; உடைந்த முகத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பை எந்தப் பொருள் அறிவியலாளரும் விடமாட்டார். போஸ்டர் அருகே ஒரு சிறிய மேசை வேண்டுமென்று அமைப்பாளர்களுக்கு இப்போதே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள், அங்கே போய்க் கேட்டால் கிடைக்காது. கட்டியில் காரம் மீதமிருக்கக்கூடும் என்பதால், தொடுபவர்களுக்குக் கையுறைகளும் எடுத்து வையுங்கள்.